அணை நிறைந்தது, வயல் காய்ந்தது!
நொய்யல் விவசாயிகள் நடத்திய நீண்ட வழக்கு

அணையைத் திறந்து விடுங்கள் என்று விவசாயிகள் கேட்பது உண்டு. அதற்காக ஊர்வலம் போவார்கள். கலெக்டரிடம் மனுக் கொடுப்பார்கள். சாலையில் உட்கார்ந்து மறியலும் செய்வார்கள்.

ஆனால், அணையைத் திறந்து விடாதீர்கள் என்று சொன்ன விவசாயிகளும் உண்டு. அவர்கள் கொங்கு நாட்டு விவசாயிகள்.

அந்த அணையின் பெயர் ஒரத்துப்பாளையம் அணை. நொய்யல் ஆற்றின் குறுக்கே, சென்னிமலைக்கும் காங்கயத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் அது கட்டப்பட்டது. 1992-ம் ஆண்டு பயனுக்கு வந்தது. ஈரோடு, கரூர் பகுதிகளில் ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலத்துக்குப் பாசனம் கிடைக்கும் என்று மக்கள் மகிழ்ந்தார்கள்.

அந்த மகிழ்ச்சி சில ஆண்டுகள்கூட நீடிக்கவில்லை. அணையில் வந்து நின்றது மழைத் தண்ணீர் மட்டும் அல்ல. சாயத் தண்ணீரும் வந்து நின்றது. அதைப் பாய்ச்சினால் பயிர் கருகியது. அதனால்தான், "அந்தத் தண்ணீர் வேண்டவே வேண்டாம்" என்றார்கள் விவசாயிகள்.

வேண்டாம் என்று சொன்னதோடு அவர்கள் நிற்கவில்லை. கோர்ட்டுக்குப் போனார்கள். அந்த வழக்கின் கதை, ஊரும் தொழிலும் உள்ள இடத்தில் எல்லாம் தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

வெள்ளியங்கிரியில் பிறந்த ஆறு

நொய்யல் கோவைக்கு மேற்கே வெள்ளியங்கிரி மலையில் பிறக்கிறது. காஞ்சிமாநதி என்பது அதன் பழைய பெயர். பேரூர் பட்டீசுவரர் கோயிலுக்கு அருகே ஓடி, கோவை நகரைத் தொட்டுக்கொண்டு, சூலூர், திருப்பூர் வழியாகக் கிழக்கே போகிறது. கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்னும் ஊருக்கு அருகில் காவிரியோடு கலக்கிறது. சுமார் 170 கிலோ மீட்டர் பயணம்.

கோவையைச் சுற்றியுள்ள குளங்கள் பலவும் இந்த ஆற்றின் பிள்ளைகள். உக்கடம் பெரிய குளம், வாலாங்குளம், சிங்காநல்லூர் குளம், கிருஷ்ணாம்பதி, செல்வம்பதி என்று வரிசையாகக் குளங்கள். மழைக் காலத்தில் வாய்க்கால் வழியாகத் தண்ணீரை இந்தக் குளங்களில் நிரப்பி வைத்தார்கள் முன்னோர்கள். குளம் நிறைந்தால் கிணறு ஊறும். கிணறு ஊறினால் தோட்டம் விளையும்.

நொய்யல் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு அல்ல. பருவ மழையில் பெருகும். மற்ற நாட்களில் வற்றும். இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நிறையத் தண்ணீர் ஓடும் ஆற்றில் அழுக்குச் சேர்ந்தால் ஓரளவு கரைந்து போகும். வற்றிய ஆற்றில் சாயத் தண்ணீரை விட்டால், ஓடுவதெல்லாம் சாயத் தண்ணீராகவே இருக்கும்.

பனியன் ஊர்

திருப்பூர் என்றால் பனியன். பனியன் என்றால் திருப்பூர். இது ஊர் அறிந்த செய்தி.

தொடக்கத்தில் திருப்பூரில் பெரும்பாலும் வெள்ளைப் பனியன்தான் செய்தார்கள். 1980-களில் வெளிநாட்டு ஏற்றுமதி பெருகியது. அமெரிக்காவும் ஐரோப்பாவும் வண்ண வண்ண உடைகளைக் கேட்டன. சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு என்று எல்லா நிறங்களும் வேண்டும். எனவே, சாயப் பட்டறைகளும் சலவைப் பட்டறைகளும் பெருகின. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நொய்யல் கரையிலும் சுற்று வட்டாரத்திலும் எழுந்தன.

தொழில் வளர்ந்தது. ஊர் வளர்ந்தது. தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் இருந்தும், வெளி மாநிலங்களில் இருந்தும் ஏழைகள் பிழைப்புத் தேடி வந்தார்கள். லட்சக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்ட ஊர் திருப்பூர். அதை யாரும் மறுக்க முடியாது.

ஆனால், அந்தப் பட்டறைகளில் இருந்து தினம் சுமார் 8 கோடி லிட்டருக்கு மேல் கழிவு நீர் வெளியேறியது. அது போய்ச் சேர்ந்த இடம் நொய்யல்.

உப்பு எங்கிருந்து வந்தது?

சாயத் தண்ணீர் என்றதும் அதன் நிறம்தான் கண்ணில் படும். ஆனால், பயிரைக் கொன்ற பெரிய எதிரி நிறம் அல்ல. உப்பு!

சாயத்தில் உப்பு எதற்கு என்று கேட்கலாம். பருத்தித் துணியைச் சாயத் தொட்டியில் போட்டால், சாயம் தானாக முழுவதும் ஏறிவிடாது. தண்ணீரில் நிறைய உப்பைக் கரைத்தால்தான் சாயம் தண்ணீரை விட்டு நூலில் போய்ப் பிடிக்கும். வேலை முடிந்ததும் துணி வெளியே வந்துவிடும். உப்பு தண்ணீரிலேயே தங்கிவிடும்.

பட்டறைக்காரர்களில் பலர் பணம் போட்டுப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைக் கட்டினார்கள். சுண்ணாம்பும் வேறு ரசாயனங்களும் போட்டுக் கழிவு நீரைத் தெளிய வைத்தார்கள். நிறம் குறைந்தது. சேறு அடியில் தங்கியது. ஆனால், கரைந்த உப்பு அப்படியே இருந்தது. கரைந்த உப்பைச் சுண்ணாம்பால் பிரிக்க முடியாது.

ஆற்றில் விடும் கழிவு நீரில் ஒரு லிட்டருக்கு 2,100 மில்லி கிராமுக்கு மேல் கரைந்த உப்புகள் இருக்கக் கூடாது என்பது மாசுக் கட்டுப்பாட்டு விதி. சாயக் கழிவில் இருந்த உப்போ அந்த அளவைப் போல் பல மடங்கு.

கிணறும் கெட்டது

உப்புத் தண்ணீர் நிலத்தில் பாய்ந்தால் என்ன ஆகும்? செடியின் வேர் தண்ணீரை உறிஞ்ச முடியாமல் திணறும். வயலில் ஈரம் இருந்தும் செடி வாடும். நாளடைவில் மண் இறுகிப் போகும். மழை பெய்தாலும் தண்ணீர் உள்ளே இறங்காது.

தென்னையின் காய்ப்புக் குறைந்தது. வாழையும் மஞ்சளும் கருகின. ஆற்றை ஒட்டிய கிணறுகளிலும் உப்பு இறங்கியது. மாடு அந்தத் தண்ணீரில் வாய் வைக்கத் தயங்கியது. சமைக்கவும் குடிக்கவும் வேறு இடத்தில் இருந்து தண்ணீர் கொண்டுவர வேண்டி வந்தது. குடத்தைச் சுமந்து நடந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

"உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்பது பழமொழி. நொய்யல் விவசாயிகளும் தங்கள் கிணற்றில் உப்பு இட்டவர்களை மறக்கவில்லை!

கோர்ட்டுப் படி ஏறினார்கள்

ஒரு விவசாயி தனியாகப் போனால் அவருடைய குரல் எடுபடாது. எனவே சங்கமாகச் சேர்ந்தார்கள். கரூர் தாலுகா நொய்யல் வாய்க்கால் விவசாயிகள் 1996-ம் ஆண்டு சென்னை ஐகோர்ட்டில் வழக்குத் தொடர்ந்தார்கள்.

அதே ஆண்டில் டெல்லியில் ஒரு முக்கியமான தீர்ப்பு வந்தது. வேலூர்ப் பகுதியில் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு, பாலாற்றையும் விளைநிலங்களையும் கெடுத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் என்ற பொதுமக்கள் அமைப்பு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிருந்தது. 1996 ஆகஸ்டு 28-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது.

"கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும்" என்ற கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். ஆலைக்காரர் கழிவை விடுவார்; அதைச் சுத்தம் செய்ய ஊர்மக்கள் வரிப்பணம் கொடுப்பார்கள் என்பது நியாயம் ஆகாது. கெட்ட நிலத்தைச் சீர் செய்யும் செலவும், பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடும் கெடுத்தவரின் பொறுப்பு. 1992-ல் பிரேசில் நாட்டின் ரியோ நகரில் கூடிய உலக நாடுகளின் மாநாடும் இதே கொள்கையை ஏற்றிருந்தது.

வேலூர்த் தீர்ப்பின்படி, இழப்பைக் கணக்கிட ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. நொய்யல் கரை விவசாயிகளின் இழப்பையும் அந்த ஆணையமே ஆராய்ந்தது. 68 கிராமங்களைச் சேர்ந்த 28 ஆயிரத்துக்கும் மேற்பட்ட விவசாயிகளுக்குச் சுமார் 24 கோடியே 80 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2004-ல் முடிவு கூறியது.

கேட்பதற்குப் பெரிய தொகைதான். தலைக்குப் பங்கு போட்டால் சராசரியாக 9 ஆயிரம் ரூபாய்கூட வராது. கெட்டுப்போன தோட்டத்துக்கு அது ஈடாகுமா? விவசாயிகள் விரும்பியது பணத்தை அல்ல; நல்ல தண்ணீரை.

லிட்டருக்கு 6 பைசா

எனவே வழக்கு ஓயவில்லை. 2003-ம் ஆண்டு நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம் ஐகோர்ட்டில் மீண்டும் வழக்குப் போட்டது. ஆயக்கட்டு என்றால், ஓர் அணையின் அல்லது வாய்க்காலின் தண்ணீர் பாயும் நிலம். அந்த நிலத்துக்கு உரியவர்களே ஆயக்கட்டுதாரர்கள்.

கோர்ட்டு நிபுணர் குழுவை அமைத்து உண்மையைக் கண்டறிந்தது. 2006 டிசம்பர் 22-ந்தேதி தீர்ப்பு வந்தது. அதன் முக்கிய அம்சங்கள்:

ஒரு சொட்டுக் கழிவும் ஆற்றில் விழக்கூடாது. பட்டறைகள் 2007 ஜூலை 31-ந்தேதிக்குள் இந்த நிலையை எட்ட வேண்டும். அதுவரை, வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டர் கழிவு நீருக்கும் அபராதம் கட்ட வேண்டும். முதல் 3 மாதம் லிட்டருக்கு 6 பைசா. அடுத்து 8 பைசா. பிறகு 10 பைசா. ஒரத்துப்பாளையம் அணையைச் சுத்தம் செய்யும் செலவும் பட்டறைகளுடையதே.

6 பைசா சிறு தொகை போலத் தோன்றும். தினம் ஒரு லட்சம் லிட்டர் விடும் பட்டறைக்கு அது நாளுக்கு 6 ஆயிரம் ரூபாய்! 10 பைசா ஆனால் நாளுக்கு 10 ஆயிரம் ரூபாய்!

பட்டறை அதிபர்கள் சுப்ரீம் கோர்ட்டில் அப்பீல் செய்தார்கள். 2009 அக்டோபர் 6-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. கெடுத்தவர் பொறுப்பை ஏற்கத்தான் வேண்டும் என்று சொல்லி, ஆற்றுக்குக் கேடு வராமல் நிறுத்த 3 மாதம் கெடு விதித்தது.

கெடு முடிந்தது. கழிவு நிற்கவில்லை. கோர்ட்டு உத்தரவு மதிக்கப்படவில்லை என்று விவசாயிகள் மறுபடியும் ஐகோர்ட்டுக்குப் போனார்கள்.

பூட்டு விழுந்தது

2011 ஜனவரி 28-ந்தேதி. திருப்பூர்ச் சாய, சலவைப் பட்டறைகள் அனைத்தையும் மூட வேண்டும் என்று ஐகோர்ட்டு உத்தரவிட்டது. கழிவை ஆற்றில் விடாமல் இருக்க வழி செய்த பிறகுதான் திறக்கலாம் என்றது. மின்சாரம் துண்டிக்கப்பட்டது. பட்டறைகளில் பூட்டு விழுந்தது.

விவசாயிகளுக்கு அது வெற்றி. ஆனால், அதே நாளில் ஆயிரக்கணக்கான தொழிலாளர் வீடுகளில் கவலை புகுந்தது.

சாயப் பட்டறையில் கூலி வேலை செய்தவர் ஆற்றைக் கெடுக்க வேண்டும் என்று நினைத்தவர் அல்லர். வாரக் கூலியை நம்பி வாடகை வீட்டில் குடியிருந்தவர் அவர். பட்டறை மூடினால் கூலி இல்லை. சாயம் இல்லை என்றால் பின்னலாடைத் தொழிலும் தடுமாறும். துணியை வெளியூர்களுக்கு அனுப்பிச் சாயம் போட வேண்டி வந்தது. பல தொழிலாளர்கள் மூட்டை கட்டிக்கொண்டு சொந்த ஊருக்குத் திரும்பினார்கள்.

கீழே இருக்கும் விவசாயியின் அடுப்பா? மேலே இருக்கும் தொழிலாளியின் அடுப்பா? இரண்டும் எரிய வேண்டும். முதலிலேயே கழிவைச் சுத்தம் செய்ய முறையாகச் செலவிட்டிருந்தால் இரண்டும் எரிந்திருக்கும். அந்தச் செலவைத் தள்ளிப்போட்டார்கள். முடிவில், அதற்கு விலை கொடுத்தவர்கள் ஒன்றும் அறியாத இரண்டு ஏழைகள்.

கழிவில் இருந்து உப்பு எடுத்தார்கள்

நெருக்கடி வந்த பிறகு வழி பிறந்தது. 2011-ல் தமிழக அரசு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. புதிய முறைகள் சோதித்துப் பார்க்கப்பட்டன. 18 பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் படிப்படியாக மறுபடி இயங்கத் தொடங்கின.

அந்த முறை இதுதான். முதலில் நுண்ணுயிர்களைக் கொண்டு கழிவு நீரின் அழுக்கை அகற்றுகிறார்கள். பிறகு, மிக மிக நுண்ணிய துளைகள் கொண்ட சவ்வின் வழியே அழுத்தித் தள்ளுகிறார்கள். நல்ல தண்ணீர் ஒரு பக்கம் வரும். உப்புக் கரைசல் மறுபக்கம் தங்கும். நல்ல தண்ணீரைத் திரும்பவும் சாயம் போடப் பயன்படுத்துகிறார்கள். உப்புக் கரைசலைக் காய்ச்சி உப்பை எடுத்து, அதையும் மறுபடி சாயத் தொட்டிக்கே அனுப்புகிறார்கள். தண்ணீரில் 90 சதவிகிதத்துக்கு மேல் இப்படித் திரும்பக் கிடைக்கிறது.

ஆற்றில் கொட்டிய உப்பு, பட்டறைக்கு வேண்டிய சரக்காகவே மாறிவிட்டது!

செலவு அதிகம். மின்சாரமும் விறகும் நிறைய வேண்டும். பிரிக்க முடியாத கலப்பு உப்பும் சேறும் மிஞ்சுகின்றன. அவற்றை மழை படாமல் பத்திரமாக வைக்க வேண்டும். திருட்டுத்தனமாகக் கழிவு விடுகிறவர்களைக் கண்காணிக்கவும் வேண்டும். எனினும், முடியவே முடியாது என்று சொல்லப்பட்ட காரியம் முடிந்தது.

ஜப்பான் மீனவர்கள்

இதைப் போன்ற போராட்டம் ஜப்பானிலும் நடந்தது. மினமாட்டா என்ற கடலோர ஊரில் ஒரு ரசாயன ஆலை, பாதரசம் கலந்த கழிவைக் கடலில் விட்டது. அந்தக் கடலில் பிடித்த மீனைத் தின்றவர்களுக்குக் கை கால் நடுங்கியது; பேச்சுக் குழறியது; பலர் இறந்தார்கள். அந்த நோய் 1956-ல் கண்டறியப்பட்டது. நோயாளிகளுக்கு ஆலை இழப்பீடு தர வேண்டும் என்று கோர்ட்டு தீர்ப்புக் கூறியது 1973-ல். இடையில் 17 ஆண்டுகள்!

நொய்யல் வழக்கில் 1996 முதல் 2011 வரை 15 ஆண்டுகள். இரண்டு ஊர்களிலும் விட்டுக் கொடுக்காமல் நின்றவர்கள் மீனவர்களும் விவசாயிகளுமே. அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது வெறும் பேச்சு அல்ல.

கோவையில் நடப்பது

ஆற்றின் மேல் பகுதியில் உள்ள கோவை நகரிலும் மக்கள் சும்மா இருக்கவில்லை. 2003-ல் தொடங்கப்பட்ட சிறுதுளி அமைப்பு, பொதுமக்களின் துணையோடு குளங்களைத் தூர் வாரியது. தண்ணீர் வரும் வாய்க்கால்களைச் சீர் செய்தது. வெள்ளலூர்க் குப்பைக் கிடங்கின் புகையாலும் நாற்றத்தாலும் அவதிப்பட்ட சுற்றுப்புற மக்கள் பசுமைத் தீர்ப்பாயத்தில் முறையிட்டார்கள்.

திருப்பூரின் சாயம் மட்டும் நொய்யலின் எதிரி அல்ல. நகரங்களின் சாக்கடை நீரும் ஆற்றுக்கே போய்ச் சேர்கிறது. அதில் ஒவ்வொரு வீட்டுக்கும் பங்கு உண்டு. பட்டறையைப் பார்த்து விரல் நீட்டும் கை, குப்பைப் பையை வாய்க்காலில் வீசக் கூடாது.

சாதாரண மக்கள் என்ன செய்யலாம்?

பெரிய படிப்பு வேண்டாம். பெரிய பணமும் வேண்டாம். நொய்யல் விவசாயிகள் காட்டிய வழி எளிமையானது.

கிணற்றிலோ வாய்க்காலிலோ மாறுதல் தெரிந்தால், தேதியைக் குறித்து வைக்க வேண்டும். முடிந்தால் படம் எடுத்து வைக்க வேண்டும். வாயால் சொன்ன புகார் காற்றோடு போகும். எழுதிய புகார் நிற்கும்.

திங்கட்கிழமைகளில் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுக் கொடுக்கலாம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் எழுதலாம். மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீதை மறக்காமல் வாங்க வேண்டும்.

2005-ம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி, 10 ரூபாய் கட்டணம் செலுத்தி, அந்த மனுவின் மேல் என்ன நடவடிக்கை எடுத்தார்கள் என்று கேட்கலாம். 30 நாளில் பதில் சொல்ல வேண்டியது அதிகாரிகளின் கடமை. அதற்கும் பயன் இல்லை என்றால், 2010-ம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த பசுமைத் தீர்ப்பாயம் இருக்கிறது. அதன் தென்மண்டல அமர்வு சென்னையில் உள்ளது.

எல்லாவற்றுக்கும் மேலாக, நாலு பேர் சேர வேண்டும். தனி ஆள் சலித்துப் போவார், சங்கம் சலிக்காது. நொய்யல் வழக்கில் கலெக்டர்கள் மாறினார்கள். அமைச்சர்கள் மாறினார்கள். ஆட்சிகளும் மாறின. மனுவில் கையெழுத்திட்ட விவசாயிகள் மட்டும் மாறவில்லை.

ஆறு யாருக்கும் தனிச் சொத்து அல்ல. மேட்டில் இருப்பவர் பயன்படுத்திவிட்டு அனுப்பும் தண்ணீரைத்தான் பள்ளத்தில் இருப்பவர் குடிக்கிறார். இந்த ஒன்றை ஒவ்வொரு பட்டறையும் ஒவ்வொரு வீடும் நினைவில் வைத்தால், இன்னொரு வழக்குக்கு வேலை இருக்காது.